திருப்பத்தில் சத்தம் போடும் கார்: எங்கே விடுவது, எதை மாற்றுவது?

மழைக்காலம் முடிந்து, சாலையில் பள்ளங்கள் மட்டும் மிஞ்சி நிற்கும் தை மாதத்தில் சென்னையின் கார்க்காரர்களிடையே ஒரு கேள்வி சுற்றிவரும். "ஸ்டியரிங்கை ஒடித்தால் சத்தம் வருகிறது, எங்கே விடலாம்?" கேட்டவருக்கு உடனே மூன்று பதில் கிடைக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வேறெங்கும் போகாதீர்கள் என்பார் ஒருவர். தெருமுனைப் பட்டறையிலேயே முடித்துவிடலாம் என்பார் இன்னொருவர். புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளுக்குப் போனால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்பார் மூன்றாமவர். அவரவர் காருக்கு அவரவர் சொல்வது சரியாகவே இருந்திருக்கும். உங்கள் காருக்கு எது சரி என்பது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகே தெரியும்.

கார் திரும்பும்போது சத்தம் எழுப்பக்கூடிய பொருட்கள் பத்துக்கு மேல் இருக்கின்றன. மழைநீரில் பெயர்ந்து தொங்கும் பிளாஸ்டிக் தடுப்பும் அதில் ஒன்று. சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட்டும் அதில் ஒன்று. முதலாவதைச் சரிசெய்யச் சில பத்து ரூபாய் கிளிப் போதும். இரண்டாவது கழன்றால் சக்கரமே மடங்கிக்கொள்ளும். இவ்வளவு தொலைவில் இருக்கும் இரண்டு நோய்களுக்கு ஒரே மருத்துவமனையைச் சிபாரிசு செய்வதில் பொருளில்லை. என் கருத்தில், இந்த விஷயத்தில் முதல் ரூபாயை, காரணத்தைக் கண்டறிவதற்குத்தான் செலவிட வேண்டும். ஊகத்தில் வாங்கிப் பூட்டிய பொருள் எவ்வளவு மலிவாக இருந்தாலும், சத்தம் போகாவிட்டால் அது முழு நஷ்டம்.

சத்தத்தைப் பிரித்தறிவது

டிக்கியைக் காலி செய்வதிலிருந்து தொடங்குங்கள். ஜாக்கி, ஸ்பானர், சரியாக இறுகாத ஸ்டெப்னி, கதவுப் பையில் உருளும் தண்ணீர் பாட்டில் எல்லாம் வெளியே வரட்டும். இவை திருப்பத்தில் மட்டும் உருண்டு, சாலை அதிர்ச்சியைத் தாங்கும் சஸ்பென்ஷன் கெட்டதுபோலவே ஒலிக்கும். சக்கர நட்டுகள் ஐந்தோ நான்கோ, எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அண்மையில் பஞ்சர் ஒட்டியிருந்தால் இது கட்டாயம்.

பிறகு கார் நின்ற இடத்திலேயே ஒரு சோதனை. இன்ஜினை ஓடவிட்டு, வீட்டில் ஒருவரை ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாக ஒடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் முன்சக்கரத்தருகில் நின்று கேளுங்கள். ‘டங்’ என்று கம்பிச் சுருள் துள்ளுவதுபோல ஓசை வந்தால் சந்தேகம் ஸ்ட்ரட் மவுண்ட் மேல், அதாவது ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டைக் காரின் உடலோடு இணைக்கும் மேல்பகுதி மேல் விழுகிறது. முன்சக்கரம் திரும்பும்போது ஷாக் அப்சார்பரும் அதன் ஸ்பிரிங்கும் சேர்ந்தே சுழல வேண்டும். அதற்காக உச்சியில் ஒரு பேரிங் இருக்கிறது. அது துருவேறி இறுகிவிட்டால் ஸ்பிரிங் சுழலாமல் முறுக்கிக்கொண்டே போய், தாங்க முடியாத கட்டத்தில் சட்டென்று விடுபடும். நாம் கேட்கும் ஓசை அந்த விடுபடுதல். திருவான்மியூர், பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் திறந்தவெளியில் நிற்கும் கார்களுக்கு உப்புக் காற்றால் துரு சீக்கிரம் பிடிக்கும் என்பதால் அங்கே இருப்பவர்கள் இதை முதலில் பார்ப்பது நல்லது.

ஓசை வெளியே கேட்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் உள்ளங்கையில் ‘டிக்’ என்று தட்டுப்பட்டால் அது வேறு கதை. ஸ்டியரிங் தண்டின் கீழே உள்ள சிலுவை மூட்டு தேய்ந்திருக்கலாம். மின்சார ஸ்டியரிங் உள்ள சில கார்களில், மோட்டாரை இணைக்கும் சின்ன ரப்பர்த் துண்டு பொடிந்துபோவதாலும் இதே தட்டல் வரும். ரப்பர்த் துண்டு மலிவானது. அதைக் கண்டுபிடிக்காதவர் ஸ்டியரிங் தண்டு முழுவதையும் மாற்றச் சொல்வார். ஸ்டியரிங் சக்கரத்துக்குள்ளேயே ‘சரக் சரக்’ என்று உரசினால், ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடாவின் வேலையாக இருக்கலாம். சஸ்பென்ஷன் மெக்கானிக்கிடம் அதற்கு மருந்து இல்லை. பழைய ஹைட்ராலிக் ஸ்டியரிங் கார்களில் கோடி வரை ஒடிக்கும்போது ‘ஊய்’ என்று முனகல் வந்தால் எண்ணெய் அளவைப் பாருங்கள்.

இனி நகரும் கார். கூட்டம் இல்லாத வாகன நிறுத்தமோ, ஞாயிறு காலையில் வெறிச்சோடிய தொழிற்பேட்டைச் சாலையோ போதும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, மெதுவாக ஆக்சிலேட்டரை அழுத்தியபடி வட்டமடியுங்கள். ‘டக்... டக்... டக்’ என்று தொடங்கி, வேகம் கூடக் கூட ‘டக்டக்டக்’ என்று நெருங்கி வந்தால், ஆக்சிலின் சக்கரப் பக்கத்து மூட்டான வெளிப்புற சி.வி. ஜாயின்ட் தேய்ந்துவிட்டது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். இரு பக்கமும் வட்டமடித்து, ஜன்னலை இறக்கி, எந்தச் சக்கரத்திலிருந்து வருகிறது என்று கேளுங்கள். காருக்கு அடியில் எட்டிப் பார்த்தால் சான்று கிடைக்கும்: அந்த மூட்டைப் போர்த்தியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் பூட் கிழிந்து, சக்கரத்தின் உட்புறம் முழுக்கக் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கும். நேராக வேகமெடுக்கும்போது நடுக்கமும், கிளட்ச் விடும்போது ‘டொக்’ என்ற தட்டலும் இருந்தால், கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயின்ட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

சென்னைச் சாலைகளில் நான் அதிகம் கேட்பது ‘லொடலொட’ சத்தம். மெட்ரோ பணிக்காகத் தோண்டி மூடிய ஆற்காடு சாலையிலும், ஓ.எம்.ஆர். சர்வீஸ் ரோடிலும், சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் திரும்பும்போது கேட்கும் ஓசை அது. இதைப் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு வேகத்தடையை நேராக, இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றாக ஏறும்படி கடந்து பாருங்கள். பிறகு ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்படி ஓட்டிப் பாருங்கள். முதலாவதில் அமைதியும் இரண்டாவதில் லொடலொடப்பும் இருந்தால், காரின் சாய்வைக் குறைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரை இணைக்கும் லிங்க் ராடுதான் முதல் குற்றவாளி. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது அந்தப் பார் முறுக்கப்படுவதில்லை. ஒன்று மட்டும் ஏறினால், அல்லது திருப்பத்தில் கார் சாய்ந்தால் முறுக்கப்படும். சந்தேகம் தீராவிட்டால் மெக்கானிக் இரண்டு பக்க லிங்கையும் தற்காலிகமாகக் கழற்றிவிட்டுச் சிறிது தூரம் மெதுவாக ஓட்டிப் பார்ப்பார். சத்தம் நின்றால் வழக்கு முடிந்தது.

பிரேக் போட்டுக்கொண்டே திரும்பும்போதோ, ரிவர்ஸில் வந்து பிரேக்கை மிதிக்கும்போதோ ஒரே ஒரு ‘டொக்’ கேட்டால், சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் பிளந்திருக்கலாம். ‘கிறீச், கிறீச்’ என்று பழைய கதவுபோல முனகினால் கிரீஸ் வறண்ட பால் ஜாயின்ட்டாகவோ புஷ்ஷாகவோ இருக்கும்.

வேகத்தில் மட்டும் கேட்கும் ‘ஹூம்’ என்ற இரைச்சலுக்குக் கத்திப்பாரா மேம்பாலத்தைவிட நல்ல சோதனைக்கூடம் இந்த நகரில் கிடையாது. அதன் சுற்றுப்பாதைகளில் கார் நீண்ட நேரம் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலச்சக்கரத்தின் மேல் சாயும். அப்போது இரைச்சல் கூடினால் வலப்பக்க வீல் பேரிங்கைப் பாருங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் இரைச்சல் மாறவில்லை என்றால் டயர் ஒழுங்கற்றுத் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டால், இரைச்சலும் கூடவே பின்னால் போகிறதா என்று தெரிந்துவிடும்.

வணிக வளாகங்களின் வழுவழுப்பான தரைத்தளத்தில் திரும்பும்போது டயர் கீச்சிடுவது காரின் நோயே இல்லை. அது தரைப்பூச்சின் குணம். அதற்காகப் பட்டறைக்குப் போக வேண்டாம். அதேபோல, தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதையைக் கடந்து வந்த மறுநாளிலிருந்து கோடி வரை ஒடிக்கும்போது மட்டும் ‘சர்ர்’ என்று உரசினால், சக்கர வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பைக் கையால் அசைத்துப் பாருங்கள். நீரின் வேகத்தில் கிளிப் பிய்ந்திருக்கும். பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்தகட்டுக்கும் இடையில் ஒரு ஜல்லி சிக்கிக்கொண்டாலும் காதைப் பிளக்கும் உரசல் வரும். சில சமயம் ரிவர்ஸில் கொஞ்ச தூரம் போனாலே விழுந்துவிடும்.

இவ்வளவையும் பார்த்து ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தப் பக்கம் திரும்பும்போது, எந்த வேகத்தில், பிரேக்கிலா ஆக்சிலேட்டரிலா, காலையில் முதல் ஓட்டத்திலா சூடான பிறகா. சத்தத்தைக் கைப்பேசியில் பதிவும் செய்துகொள்ளுங்கள். பட்டறைக்குள் நுழைந்ததும் காரின் சத்தம் மறைந்துவிடுவது எல்லோருக்கும் நடப்பதுதான்.

நான்கு வாசல்கள்

வாரண்டி இருக்கும் காரென்றால் யோசிக்கவே வேண்டாம். கம்பெனியின் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். புகார் ஜாப் கார்டில் எழுத்தில் பதிவாக வேண்டும். "சத்தம் வருகிறது" என்று எழுதினால் போதாது. "வலப்பக்கம் முழுவதும் ஒடித்து வேகமெடுக்கும்போது இடது முன்சக்கரத்தில் டக் டக்" என்று எழுதச் சொல்லுங்கள். வாரண்டி முடிவதற்குச் சில நாட்கள் முன்பு பதிவான புகார், பிறகு வாதாட உதவும்.

வாரண்டி முடிந்த காருக்கு அதே இடம் சிறந்ததா என்பதில்தான் எனக்குத் தயக்கம். அங்கே லிஃப்ட் இருக்கிறது, போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் இருக்கிறது, உங்கள் மாடலை மட்டுமே பார்த்துப் பழகிய கைகள் இருக்கின்றன. ஆனால் உங்களிடம் பேசுபவர் சர்வீஸ் அட்வைசர். காரைத் தொடுபவர் வேறொருவர். இருவருக்கும் நடுவில் உங்கள் துண்டுத்தாளின் பாதிச் செய்தி தொலைந்துவிடும். அதோடு, புஷ் மட்டும் தனியாக மாற்றக்கூடிய இடத்திலும் ஆர்ம் முழுவதையும் மாற்றும் வழக்கம் அங்கே அதிகம். அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பொருளை முழுதாக மாற்றினால் வேலை விரைவாக முடியும், திரும்பி வராது என்பது அவர்கள் கணக்கு. செலவு மட்டும் உங்கள் கணக்கு. ஆகவே அங்கே போகிறவர்கள், சத்தத்தைக் கேட்கும் டெக்னீஷியனையே பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்று வற்புறுத்துங்கள். கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

பல நிறுவனக் கார்களையும் பார்க்கும் சங்கிலிப் பட்டறைகள் இரண்டாவது வாசல். வீட்டுக்கே வந்து காரை எடுத்துச் செல்கிறார்கள், பில் தெளிவாக இருக்கிறது, விலை நடுத்தரம். எண்ணெய் மாற்ற, பிரேக் பேட் மாற்ற இது வசதி. திருப்பத்துச் சத்தத்துக்கு மட்டும் நான் இதைக் கடைசியில் வைப்பேன். சத்தம் கேட்டவர் நீங்கள், காரை எடுத்துச் செல்பவர் ஓட்டுநர், பார்ப்பவர் இன்னொருவர். சத்தம் கைமாறக் கைமாற மங்கிப்போகும். ஒரே மேலாளர் ஆண்டுக்கணக்கில் இருக்கும் கிளை உங்கள் பகுதியில் இருந்தால் அது விதிவிலக்கு.

மூன்றாவது, நமக்குப் பழக்கமான தெருப் பட்டறை. இதன் பலம் முழுவதும் ஒரு மனிதரிடம் இருக்கிறது. நல்ல மெக்கானிக் அண்ணன் ஒருவர் காரில் ஏறி, இரண்டு திருப்பம் திரும்பி, ஜன்னலுக்கு வெளியே காதை நீட்டி, "லிங்க் ராடு சார், இடது பக்கம்" என்று சொல்லும் அழகைப் பார்த்தவர்கள் வேறு இடம் தேட மாட்டார்கள். மடிப்பாக்கத்திலும் கொளத்தூரிலும் அம்பத்தூரிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். குறை, கருவிகளில் இருக்கிறது. மண்தரையில் ஜாக்கி மட்டும் வைத்துக் காரைத் தூக்கிச் சஸ்பென்ஷனைக் கழற்றும் இடத்தில் ஸ்ட்ரட் வேலையைக் கொடுக்காதீர்கள். இறுக்கிய ஸ்பிரிங்குக்குள் பெரும் விசை அடங்கியிருக்கிறது. முறையான ஸ்பிரிங் கம்பிரஸர் இல்லாமல் கயிற்றையும் கம்பியையும் கட்டிக் கழற்றுவது அந்த மெக்கானிக்கின் உயிருக்கே ஆபத்து. லிங்க் ராடு, ஆக்சில் பூட், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்ட் போன்ற வேலைகளுக்குத் தெருப் பட்டறை தாராளமாகப் போதும்.

நான்காவதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை: சஸ்பென்ஷன், ஸ்டியரிங், வீல் அலைன்மென்ட் மட்டுமே பார்க்கும் தனிக் கடைகள். நாள் முழுவதும் இதையே கேட்டுக்கொண்டிருப்பவர்களின் காது தனி. லிஃப்டும் கம்பிரஸரும் அலைன்மென்ட் இயந்திரமும் ஒரே கூரைக்குள் இருக்கும். வாரண்டி முடிந்த கார், என்ன சத்தம் என்று வீட்டுச் சோதனையில் பிடிபடவில்லை என்றால், என் தேர்வு இதுதான். கட்டணம் கொடுத்துச் சோதனை மட்டும் செய்துதரச் சொல்லுங்கள். பிறகு வேலையை அங்கேயே கொடுப்பதா, பழக்கப்பட்ட பட்டறைக்குக் கொண்டுபோவதா என்பதை நிதானமாக முடிவெடுக்கலாம்.

எந்த வாசலானாலும், கார் தூக்கப்பட்டிருக்கும்போது நீங்கள் அடியில் நிற்க வேண்டும். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். பிரேக்கை மிதித்தபடி மறுபடி ஆட்டினால், ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். இடவலமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் டை ராடு எண்டோ ஸ்டியரிங் ராக்கோ. சில நிமிடச் சோதனை இது. இதைச் செய்து காட்டாமல் "மொத்தமாக மாற்றிவிடலாம் சார்" என்று எஸ்டிமேட் நீட்டுபவரிடம் நான் காரை விடமாட்டேன்.

2014-இல் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் கட்டுப்படுத்தியதாக 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. வெளியே பழுதுபார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்ற கருத்தையும் அந்த உத்தரவு முன்வைத்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. நடைமுறையில், வாரண்டிக் காலத்தில் சஸ்பென்ஷனை வெளியே கழற்றினால் பின்னால் தகராறு வரும் என்பதே யதார்த்தம்.

எந்தப் பெட்டியில் வந்த பொருள்?

இடம் முடிவானதும் அடுத்த முடிவு உதிரி பாகம். கார் நிறுவனத்தின் முத்திரையோடு வரும் ஒரிஜினல் ஒரு வகை. அந்த நிறுவனங்களுக்கே பாகம் செய்துகொடுக்கும் தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பது இரண்டாவது வகை. இதில் சென்னைக்காரர்களுக்கு ஓர் இயல்பான அனுகூலம் உண்டு. ஸ்டியரிங், சஸ்பென்ஷன் மூட்டுகள் செய்யும் ரானே இந்த ஊர் நிறுவனம். அதன் டை ராடு எண்டும் பால் ஜாயின்ட்டும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். ஷாக் அப்சார்பருக்கு கேப்ரியல், பேரிங்குக்கு எஸ்.கே.எஃப். போன்ற பெயர்கள் மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம். மூன்றாவது வகை, பெயர் தெரியாத பெட்டியில் வரும் மலிவுச் சரக்கு. நான்காவது, புதுப்பேட்டையின் பழைய பாகம்.

லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட், வீல் பேரிங், டை ராடு எண்ட் ஆகியவற்றுக்கு இரண்டாவது வகையையே நான் தயங்காமல் வாங்குவேன். விலையில் நல்ல வித்தியாசம் இருக்கும், தரத்தில் பெரும்பாலும் இருக்காது. கடைக்குப் போகும்போது மாடல், ஆண்டு, சேஸிஸ் எண் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரே மாடலிலும் ஆண்டுக்கு ஆண்டு லிங்கின் நீளம் மாறியிருக்கும். மூன்றாவது வகையைத் தொடாதீர்கள். மலிவு ரப்பர் சில மாதங்களில் பிளந்து, அதே கூலியை மறுபடி கேட்கும்.

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று ஒன்றாக்கப்பட்டது. அதற்கு முன் பல பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது. பழைய எஸ்டிமேட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் புதிதாக ஒன்று கேட்டு வாங்குவது நல்லது.

புதுப்பேட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உடைக்கப்பட்ட வண்டிகளின் பாகங்கள் மலைமலையாகக் குவிந்திருக்கும் அந்தத் தெருக்களை மட்டமாகப் பேசுவதும், அங்கே எல்லாம் கிடைக்கும் என்று புகழ்வதும் எனக்கு ஒப்பாது. இரும்பை வாங்குங்கள், ரப்பரையும் மூட்டுகளையும் வாங்காதீர்கள். ஸ்டியரிங் நக்கிள், சப்ஃபிரேம், ஸ்டெபிலைசர் பார் போன்றவை வளையாமல், விரிசலில்லாமல் இருந்தால் பழையதே போதும். பால் ஜாயின்ட், டை ராடு எண்ட், புஷ், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றில் மிச்சமிருக்கும் ஆயுளைக் கண்ணால் அளக்க முடியாது. எடுத்த வண்டி விபத்துக்குள்ளானதா என்றும் தெரியாது. செவ்ரோலெட் 2017 முடிவில் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகரில் செய்யப்பட்ட எகோஸ்போர்ட்டுகள் நம் தெருக்களில் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. இத்தகைய கார்களை வைத்திருப்பவர்களுக்கு, பாகம் வரத் தாமதமாகும் வேளையில் புதுப்பேட்டை உண்மையான உதவி.

ஆக்சில்: பணம் அதிகம் வீணாகும் இடம்

‘டக் டக்’ சத்தத்துக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. ரப்பர் பூட் மட்டும் மாற்றுவது, வெளி ஜாயின்ட்டை மட்டும் மாற்றுவது, ஆக்சிலை முழுதாகப் புதிதாகப் போடுவது, பழைய ஆக்சிலை வாங்கிப் போடுவது.

பூட் கிழிந்திருக்கிறது, சத்தம் இன்னும் தொடங்கவில்லை என்றால், பூட் கிட் மட்டும் போதும். பழைய கிரீஸை முழுவதும் கழுவி, ஜாயின்ட்டைத் துடைத்து, கிட்டோடு வரும் கிரீஸை அடைத்து, புதுக் கிளாம்ப் போட்டால் அந்த ஆக்சில் இன்னும் பல ஆண்டு ஓடும். வேறு எந்தச் செலவைவிடவும் இதில் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் பலன் அதிகம். காரைப் பிரிக்காமலே மாட்டலாம் என்று சொல்லி விற்கப்படும் பிளவுள்ள பூட்டை மட்டும் வாங்காதீர்கள். தண்ணீர் தேங்கும் நம் சாலைகளில் அதன் ஒட்டு நிலைக்காது.

சத்தம் வந்துவிட்டால் பூட்டை மாற்றிப் பயனில்லை. உள்ளே குண்டுகளும் அவை ஓடும் பள்ளங்களும் தேய்ந்துவிட்டன. புதுக் கிரீஸ் சத்தத்தைச் சில நாள் மறைக்கும், அவ்வளவே. அப்போது வெளி ஜாயின்ட்டைத் தனியாக வாங்க முடியுமா என்று பாருங்கள். பல கார்களுக்குக் கிடைக்கிறது, முழு ஆக்சிலின் விலையில் ஒரு பகுதிதான் ஆகும். உள் ஜாயின்ட் நன்றாக இருந்தால் இதுவே சரியான முடிவு. உள் ஜாயின்ட்டிலும் நடுக்கம் இருந்தால் மட்டுமே முழு ஆக்சில். பெயரில்லாத புது ஆக்சிலைவிட, பூட் கிழியாத, கையால் மடக்கிச் சுழற்றினால் நெருடலே தெரியாத பழைய ஒரிஜினல் ஆக்சில் மேலானது என்பது என் எண்ணம். பழைய மூட்டு வேண்டாம் என்று முன்பு சொன்னதற்கு இது மட்டும் விலக்கு. ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் இறுகிவிடாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள கார்களில், சக்கர வேகத்தை அளக்க உதவும் பல் வளையமும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

லோயர் ஆர்மில் இதே கேள்வி வேறு வடிவில் வரும். பால் ஜாயின்ட் ஆர்மோடு சேர்ந்தே வரும் கார்களில் ஆர்மை முழுதாக மாற்றிவிடுங்கள். பழைய ஆர்மில் புது ஜாயின்ட்டை அடித்து ஏற்றிய வேலையை நம்பி நெடுஞ்சாலையில் போக எனக்கு மனம் வராது. புஷ் மட்டும் பிளந்திருந்து, பட்டறையில் முறையான பிரஸ் இயந்திரமும் இருந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றுவது நியாயம். சுத்தியலால் அடித்து ஏற்றும் இடமானால் வேண்டாம்.

லிங்க் ராடு, ஷாக் அப்சார்பர், ஸ்ட்ரட் மவுண்ட் இவற்றை இரு பக்கமும் சேர்த்து மாற்றுவது நல்லது. ஒரே சாலையில் ஒரே தூரம் ஓடியவை அவை. ஆக்சில், வீல் பேரிங், டை ராடு எண்ட் இவற்றைக் கெட்ட பக்கம் மட்டும் மாற்றினால் போதும். ஷாக் அப்சார்பரைக் கழற்றும்போது மவுண்டையும் மாற்றிவிடுங்கள், கூலி ஒன்றுதான். டை ராடு, லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் இவற்றில் எதைத் தொட்டாலும் அலைன்மென்ட் செய்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம்பிடித்த பணத்தை டயர் தின்றுவிடும்.

எது காத்திருக்கும்

லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட் சத்தங்கள் எரிச்சலூட்டும். ஆனால் சம்பளம் வரும்வரை, நல்ல பாகம் கிடைக்கும்வரை பொறுக்கலாம். சி.வி. ஜாயின்ட் சில வாரம் தரும், திடீரென்று ஒரு நாள் கழன்றால் கார் நின்ற இடத்திலேயே நிற்கும். அதை வைத்துக்கொண்டு திருப்பதிக்கோ புதுச்சேரிக்கோ கிளம்ப வேண்டாம். பால் ஜாயின்ட்டிலோ டை ராடு எண்டிலோ ஆட்டம் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். பாகம் இல்லையென்றால் காரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வீடு திரும்புங்கள். முற்றிய வீல் பேரிங்கும் இந்த வரிசையில்தான்.

வேலை முடிந்து பில் கட்டுவதற்கு முன், கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக் கையால் ஆட்டிப் பாருங்கள். லூசான மூட்டு கையிலேயே தெரியும். பிறகு சத்தம் வந்த அதே சாலைக்கு மெக்கானிக்கை அழைத்துச் சென்று அதே திருப்பத்தைத் திரும்புங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது கார் தன் எடையில் தரையில் நின்றதா? சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று, சீக்கிரம் கிழிந்துவிடும். புதிதாகப் போட்ட புஷ் ஆறு மாதத்தில் மறுபடி முனகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரில் ஏதாவது வேலைக்காகக் கார் லிஃப்டில் ஏறும் நாளில், நான்கு ஆக்சில் பூட்டுகளின் மடிப்புகளையும் விரலால் பிரித்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பால் ஜாயின்ட், டை ராடு எண்ட் ஆகியவற்றின் சின்ன ரப்பர் உறைகளையும் சேர்த்து. வெடிப்போடு தண்ணீருக்குள் இறங்கும் பூட், ஜனவரியில் ஆக்சில் செலவாக வந்து நிற்கும்.